பத்துத் தட்டு பன்

இல்லை என்று சொல்ல எனக்கு வராது. எங்கள் தீவில் யாருக்குமே வராது. சொந்தக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, அடுப்பிலிருந்து நல்ல வாசனை வருகிறதே என்றால், பேச்சு வாசனையைப் பற்றியது இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவளை யாரும் திட்ட மாட்டார்கள். அவள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடக்கும்போது யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இப்படிக் கொடுத்துக் கொடுத்தே என் முதல் பன் கடை நாலே மாதத்தில் படுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஃபிலிப்போ நியூசிலாந்தில் ஒரு பருவம் முழுக்க ஆப்பிள் பறித்துச் சம்பாதித்த பணம் மைதாவாகி, தேங்காய்ப்பால் பன்னாகி, அத்தை, மாமன், சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி என்று எல்லார் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. ஒருத்தர்மேலும் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல ஆசைதான். சொன்னால் பொய். ஒவ்வொருத்தர் முகத்தைப் பார்க்கும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் அவர் திரும்பவும் பழம் பறிக்கப் போனார். இதுதான் கடைசித் தடவை, முதுகு போய்விட்டது, இந்தப் பணத்தையும் ஊருக்கு ஊட்டிவிட்டால் நாம் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று விமான நிலையத்தில் வைத்துச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே தலைநகர் ஆப்பியாவில் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்காக நடந்த இரண்டு நாள் வகுப்புக்குப் படகேறிப் போனேன். ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்த எங்கள் இனத்துப் பெண் ஒருத்தி பாடம் நடத்தினாள். ஒரு பன்னுக்கு மாவு எவ்வளவு, கேஸ் எவ்வளவு, நீ நிற்கும் நேரத்துக்குக் கூலி எவ்வளவு என்று கணக்குப் போடச் சொன்னாள். என் நேரத்துக்கும் விலை உண்டு என்பது நாற்பது வயதில் எனக்குக் கிடைத்த செய்தி. பிறகு ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் வாடிக்கையாளர் யார் என்று எழுதச் சொன்னாள். நான் ‘எல்லோரும்’ என்று எழுதினேன். அவள் அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டாள். சொந்தக்காரர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, ஒருவருக்குச் சும்மா கொடுத்தால் கதவு உடைந்த மாதிரிதான், அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியாது என்றாள். எல்லாம் சரி. முடியாது என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது என்பதை மட்டும் அவள் சொல்லித் தரவில்லை.

அதை நானே கண்டுபிடித்தேன். அந்த மூளைக்காக அப்போது என்னையே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதுவாதி என்று ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். துவாலு என்ற வேறொரு தீவு நாட்டுக்காரர், வயது ஐம்பது. கப்பலில் சமையல்காரராக இருந்தவர், ஒரு பெண்ணை நம்பி இங்கே இறங்கினார். அவள் வேறொருவனோடு போய்விட, இவர் தங்கிவிட்டார். ஊரில் அவருக்கு அத்தையில்லை, மாமனில்லை, ஒன்றுவிட்ட எதுவுமே இல்லை. எனக்கு வேண்டிய தகுதி அதுதான். அவரைக் கூப்பிட்டு, கடை ஜன்னலில் நீங்கள்தான் நிற்க வேண்டும், யார் வந்து கேட்டாலும் முதலாளியம்மா ஊரில் இல்லை, காசில்லாமல் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல வேண்டும், அதுதான் வேலை என்றேன்.

"அப்ப பன்னு யாரு சுடறது?" என்று கேட்டார்.

"நான்தான். திரைக்குப் பின்னாடி."

"ஊர்ல இல்லாத முதலாளியம்மாவா?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் வேலைக்கு வந்துவிட்டார்.

மைதா மூட்டைத் துணிகளைத் தைத்து ஒரு திரை போட்டேன். முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். எட்டு மாதம் கடை நன்றாக ஓடியது. கடற்கரை விடுதி ஒன்று தினமும் காலையில் ஐந்து தட்டு எடுத்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், வாசனையைப் புகழ்ந்தார்கள், எதுவாதியின் பதிலைக் கேட்டார்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள். சிலர் காசு கொடுத்து வாங்கவும் தொடங்கினார்கள். நான் ஊரில் இல்லாத நாட்கள் எத்தனை என்று யாராவது கூட்டிப் பார்த்திருந்தால், அந்த எட்டு மாதமும் நான் ஆப்பியாவிலேயே குடியிருந்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட என் கடைக்கு வராதவள் என் பெரியம்மா ஃபுவாதினோ. என் அம்மாவின் அக்கா. அம்மா போனபின் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவள் அவள்தான். பஸ்ஸில் அரைமணி நேரம் தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஆக்லாந்து, சிட்னி என்று போய்விட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று இந்தத் தீவில் மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

ஒரு புதன்கிழமை அவளுடைய கணவரின் அண்ணன் இறந்துபோனார். பட்டம் கட்டிய தலைவர், பெரிய சாவு. சனிக்கிழமை அடக்கம். எங்கள் ஊர்ச் சாவில் ஒவ்வொரு பக்கத்தாரும் சீர் கொண்டுவந்து முற்றத்தில் வைப்பார்கள். மெல்லிய பாய், மீன் டின் பெட்டி, உப்புக்கண்டம் என்று எது முடியுமோ அது. சீர் ஏற்கும் பேச்சாளர் எழுந்து நின்று, இன்னார் வீட்டிலிருந்து இன்னது என்று ஊர் கேட்கக் கூவுவார். அப்படிக் கூவும்போது ஒரு மருமகளின் பிறந்த வீட்டுப் பெயர் வராமல் போனால், அத்தனை கூட்டத்தில் அவள் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. நாற்பது வருடம் அந்த வீட்டில் உழைத்திருந்தாலும் ஒன்றுதான், உழைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒரு மீன் டின் பெட்டியோடு போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று வைத்திருந்தேன். ஒரே ஒரு பெட்டி. அதற்குமேல் செய்தால் கடை தாங்காது என்று கணக்குப் போட்டேன், சிவப்பு வட்டக்காரி பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல.

வியாழக்கிழமை மத்தியானம் மாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு குரல் கேட்டது.

"எம் பொண்ணு தெலேசியா இருக்காளா, தம்பி?"

நான் மாவு தட்டுவதை நிறுத்தினேன். அதுவே எவ்வளவு பெரிய முட்டாள்தனம். சத்தம் சட்டென்று நின்றால் யாருக்குத்தான் தெரியாது.

முதலாளியம்மா ஆப்பியா போயிருக்கிறார் என்றார் எதுவாதி. எப்போது வருவாள் என்று பெரியம்மா கேட்டாள். தெரியாது என்றார். ஜன்னல் பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் அத்தை முறை. அரைமணி நேரத்துக்கு முன்னால் அவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. அவர்கள் போகாமல் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கெழம எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கு அடக்கம்பா. என் பொறந்த வீட்டுலேருந்து ஏதாவது வந்தா நல்லாயிருக்கும். பெருசா ஒண்ணும் வேணாம். பத்துத் தட்டு பன்னு போதும்."

எங்கள் ஆட்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். சுற்றி வளைத்துத்தான் கேட்போம், கேட்டது போலவே இருக்காது. எண்ணிக்கை சொல்லி, அதுவும் ஒரு வேற்று ஆளிடம் ஃபுவாதினோ கேட்கிறாள் என்றால், அவள் எந்த நிலையில் பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

எதுவாதி திரைப்பக்கம் திரும்பினார். அப்படித் திரும்பவே கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். ஆனாலும் திரும்பி, துணி விலகியிருந்த இடத்தில் என் கண்ணைப் பார்த்தார். நான் அப்போது வெளியே வந்திருக்கலாம். வந்தால் அந்த இரண்டு பெண்களுக்கும் எட்டு மாதக் கதையும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். பொய்க்காரி என்று பெயர் வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"காசில்லாம குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா," என்றார் அவர்.

பெரியம்மா, "சரிப்பா. நீ சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றார். அவளுடைய செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் மெதுவாகத் தேய்ந்து போயிற்று.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது எதுவாதி, "நான் சம்பளத்துக்குப் பொய் சொல்றேன், முதலாளியம்மா," என்றார். அதிகம் பேசாதீர்கள், வேலையைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் பஸ் ஓட்டும் பெனியாமினா ஜன்னலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பத்துத் தட்டு பன் கேட்டார். பேரம் பேசாமல் தாலா நோட்டுகளை எண்ணி வைத்தார். தட்டுகளைத் திங்கட்கிழமை திருப்பித் தருகிறேன் என்று அப்படியே ஏற்றிக்கொண்டு போனார். என் தட்டுகளின் விளிம்பில் நீலப் பெயின்ட் அடித்திருக்கும், தொலையாது என்று நானும் விட்டேன். ஒரே ஆள் பத்துத் தட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து என்ற எண்கூட என் மண்டையில் உறைக்கவில்லை. காசைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை மீன் டின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். சாவு வீட்டைச் சுற்றிக் கூட்டம். சுவரில்லாத பெரிய வீட்டுக்குள் தலைவர்கள் தூணுக்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பேச்சாளர் தடியை ஊன்றி நின்று கூவிக்கொண்டிருந்தார். நான் பலா மரத்தடிக்கு வந்தபோது அவர் மூச்சை இழுத்து, இதோ ஃபுவாதினோவின் பிறந்த வீடு, அந்த வீட்டு மகள் தெலேசியாவின் கையால் பத்துத் தட்டு பன், அவள் சுட்டது, அவள் கொடுத்தது என்று கூவினார்.

முற்றத்தில் நீல விளிம்புத் தட்டுகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் நின்ற பெனியாமினா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா தான் வளர்த்த தாய்ப்பன்றியை வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு விற்றாள் என்றும், அந்தக் காசைத் திரும்ப அவரிடமே கொடுத்து என் கடைக்கு அனுப்பினாள் என்றும் சாப்பாட்டு நேரத்தில் அவரே என்னிடம் சொன்னார்.

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கொடுக்கவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் என் பாரம் இறங்கிவிடும், பெரியம்மாவின் மானம் போய்விடும். கணவர் வீட்டார் அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு, வழக்கப்படி குனிந்து வணங்கினேன். அந்த மீன் டின் பெட்டியை மரத்தடியிலேயே யாரும் பார்க்காமல் இறக்கி வைத்தேன்.

பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய மனசு என்றார்கள். அன்றைக்கு ஜன்னலில் நின்றிருந்த இரண்டு பேரில் ஒருத்தியும் வந்தாள். "ஆப்பியாவுலேருந்து எப்பக்கா வந்தீங்க?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எட்டு மாதமாக ஊருக்கே தெரியும். என் மானத்தைக் காப்பாற்ற ஊர் மொத்தமும் நம்பியது போல நடித்திருக்கிறது. நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்று திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் பெரியம்மாவைப் பிடித்தேன். முந்தின நாளிலிருந்து என் பையிலேயே இருந்த, பெனியாமினா கொடுத்த நோட்டுகளை அவள் கையில் திணித்தேன். அவள் நோட்டுகளை நீவி, நான்காக மடித்து, என் கைக்குள்ளேயே வைத்து விரல்களை மூடினாள்.

"வாங்கின சாமானுக்கு யாராச்சும் காசத் திருப்பித் தருவாங்களா, புள்ள?" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "என் பொறந்த வீட்டுப் பேரக் கூப்பிடணும்னுதான் வாங்கினேன். கூப்ட்டாங்கல்ல. அது போதும்."

சீர் கொண்டுவந்தவர்களுக்கு எதிர்ச்சீர் கொடுத்தனுப்பாமல் எங்கள் ஊரில் விட மாட்டார்கள். என் பெயருக்கு ஒரு மெல்லிய பாய் வந்தது. யாரோ ஒரு பெண் ஐந்தாறு மாதம் குனிந்து பின்னிய பாய். எனக்கு வேண்டாம் என்று பின்வாங்கினேன். என்ன தன்னடக்கம் பாருங்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பெரியம்மாதான் அதை எடுத்து என் தோளில் போட்டு, கீழே இழுபடாமல் மடிப்பைச் சரிசெய்து, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ என்று என்னை அனுப்பி வைத்தாள்.