குளோரின் கூடவில்லை

சோதனை மருந்தின் ஐந்தாவது சொட்டு விழுந்ததும் கண்ணாடிக் குழாயிலிருந்த குளத்துத் தண்ணீர் இளமஞ்சளாக மாறியது. மாரிசெல்வி அதை வெயிலுக்கு எதிரே தூக்கி, ஓரத்தில் அச்சடித்திருந்த நிறக்கட்டங்களோடு ஒட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே. தாராளமாகக் குளிக்கலாம். அவளுக்கு வலக் காது கேட்காது. அதனால் அந்தப் பக்கமாகப் புகழேந்தி வந்து நின்றது தெரியவில்லை.

“எம்புட்டு இருக்கு?”

“ரெண்டுக்குள்ளதான் இருக்கு, சின்ன மொதலாளி.”

கன்னத்தில் அறை விழுந்தது. குழாய் கையிலிருந்து பறந்து போய்க் குளத்துக்குள் விழுந்தது. மாரிசெல்வி ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

“நேத்து கல்யாண வீட்டுல வந்தவன் போனவன்லாம் கேக்கான், ஒம் பொண்டாட்டி கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்குன்னு. இஷ்டத்துக்குக் குளோரினக் கொட்டிப்புட்டு ரெண்டுன்னு சொல்லுத? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கைய ஒடிச்சிருவேன், பாத்துக்க.”

அவன் போய்விட்டான். அடுப்படி வாசலில் அவன் மனைவி பிரீத்திகா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள். காலை ஏழு மணிக்கு, வீட்டுக்குள், கறுப்புக் கண்ணாடி. மாரிசெல்வி எரியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

ஏழாயிரம்பண்ணையில் இவர்களுடைய பட்டாசுக் கம்பெனியில் ஒன்பது வருஷம் பூச்சட்டிக்கு மருந்து செலுத்தியவள் அவள். பக்கத்து அறை வெடித்த ஒரு சித்திரை மாதத்தில் காது போனது. அதன் பிறகு மருந்துத் தட்டைத் தொடவே பயந்தாள். பெரிய முதலாளி நல்லசிவம் அவளைச் சாத்தூரில் புதிதாகக் கட்டிய தன் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். மகன் ஆசைப்பட்டான் என்று வீட்டுக்குப் பின்னால், மூன்று பக்கமும் ஆளுயரச் சுவர் எழுப்பி, நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். முதலில் பார்த்துக்கொண்ட ஆள் குத்துமதிப்பாகக் குளோரின் பவுடரை அள்ளிப் போட்டான். ஒரு வாரம் தண்ணீர் பச்சையாகப் பாசி பிடித்துக் கிடக்கும், மறுவாரம் மூக்கை அறுக்கும். மருந்துக்குப் பயப்படுகிறவளே மருந்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நல்லசிவம் முடிவு பண்ணினார்.

குளத்துச் சாமான் விற்கும் மதுரைக் கடையிலிருந்து ஓர் ஆள் வந்து ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். “பகல் வெயில் குளோரினத் தின்னுரும்மா. அதனால பொழுது சாயப் போடுங்க. தண்ணியில பவுடரப் போடணும், பவுடர்ல தண்ணிய ஊத்தக் கூடாது. இந்தப் பவுடரும், தண்ணியோட காரத்தக் கொறைக்கிற அந்த ஆசிட்டும் ஒண்ணோட ஒண்ணு சேரவே கூடாது. சேந்தா புகை கெளம்பும். அந்தப் புகை காத்த விடக் கனம், தரையோட படுத்துக்கிடும். குனிஞ்சீகன்னா செத்தீக. மேல ஏறணும்.” கம்பெனியில் புகை வந்தால் குனிந்து ஓடு என்றுதான் சொல்லுவார்கள். இது தலைகீழாக இருந்ததால் அவளுக்கு மனதில் தைத்துவிட்டது. பவுடர் டிரம்மை மோட்டார் அறைக்குள் பலகை மேலும், ஆசிட் கேனை வெளியே எதிர்ச்சுவர் ஓரத்திலும் வைத்தாள். இரண்டுக்கும் தனித்தனி வாளி, தனித்தனி நாள்.

அறை வாங்கிய அன்று எட்டு மணிக்குப் பிரீத்திகா குளிக்க வந்தாள். கண்ணாடியைக் கழற்றியபோது இடக் கண்ணில் வெள்ளை விழியே இல்லை, முழுக்க ரத்தம் கட்டியிருந்தது. புஜத்தில் பழைய காயம் மஞ்சளாகவும் புதிய காயம் கத்தரிப்பூ நிறத்திலும் இருந்தன. தண்ணீரில் இறங்கி, படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்காக அடி வாங்கிட்டீங்கக்கா.”

“குளோரின் கூடலம்மா. என் கணக்குத் தப்பல.”

“தெரியும்.”

“அப்ப வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதான?”

பிரீத்திகா படியிலிருந்து கையை எடுத்தாள். “தண்ணிக்குள்ள கெடந்தா வீட்டுச் சத்தம் எதுவும் கேக்காதுக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டு முங்கிக்கொண்டாள். இந்த வீட்டில் எல்லாரும் ஒரு பழியைக் கூடிப் பேசி ஒரு மருந்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள், இவளும் அதற்கு உடன்பட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று மாரிசெல்விக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்ணின் மேல் கோபப்படுகிறோமே என்று தன் மேலும் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்லசிவமும் வீட்டம்மாவும் இருக்கன்குடிக்குக் கும்பிடப் போயிருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரை. மாரிசெல்வி டிரம்மைக் குளத்தோரம் உருட்டிவந்து, மூடியைத் திறந்து வைத்து, வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

புகழேந்தி பிரீத்திகாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவள் கால்கள் தரையில் பாவவில்லை. “அண்ணனுக்கா போன் போடுத? கூட்டிட்டுப் போகச் சொல்லுதியோ? வாடி, நான் கூட்டிட்டுப் போறேன்.” குளத்து விளிம்பில் அவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து, பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

“மொதலாளி, விடுங்க! ஐயோ, விடுங்க!”

அவன் திரும்பவே இல்லை. பிரீத்திகாவின் கைகள் விளிம்புக் கல்லை அறைந்தன. தூக்கினான், அவள் ஒரு மூச்சு இழுத்தாள், மறுபடி அமுக்கினான். மூன்றாம் முறை அமுக்கியபோது கைகள் அறைவதை நிறுத்திவிட்டன.

சருகு அள்ளும் வலை நீளமான அலுமினியக் கம்பில் மாட்டிச் சுவரோரம் சாய்ந்திருந்தது. மாரிசெல்வி அதை எடுத்து அவன் தோளில் அடித்தாள். அவன் திரும்பிப் பார்த்தபோது அந்த முகத்தின் மேலேயே இரண்டாவது அடியை இறக்கினாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவன் எழுந்து கம்பைப் பிடுங்கி, அதே கம்பால் அவள் விலாவில் அடித்தான். என்னவோ உடைந்தது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். அவள் உருண்டு டிரம்முக்குப் பின்னால் போனாள். அவன் சுவரோரம் இருந்த ஆசிட் கேனைத் தூக்கி, மூடியைத் திருகி எறிந்துவிட்டு வந்தான்.

“மூஞ்சி இருக்காதுடி ஒனக்கு.”

“வேண்டாம், டிரம்மு தெறந்து கெடக்கு!” என்று கத்தினாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் வாயில் வந்தது. அவன் வீசினான். அவள் தலையைக் குனிந்துகொள்ள, ஆசிட் முழுவதும் டிரம்முக்குள் இறங்கியது.

கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோலச் சீறியது. பசுமஞ்சளாக ஒரு புகை வாய் வழியே பொங்கி, வெளியே வழிந்து, தரையோடு தரையாகப் பரவியது. மூன்று பக்கச் சுவரும் அதைப் போகவிடவில்லை. மாரிசெல்வி மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தாள். விளிம்பில் கிடந்த பிரீத்திகாவைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, வீட்டுச் சுவரை ஒட்டிய மொட்டைமாடிப் படியில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்பதாவது படியில் பிரீத்திகா தண்ணீரைக் கக்கி, மார்பு விம்ம இருமினாள். உயிர் இருந்தது.

கீழே புகழேந்தி குனிந்து இருமிக்கொண்டிருந்தான். வழி தெரியாமல் இரண்டு அடி எடுத்து வைத்தான், பிறகு முழங்காலில் விழுந்தான். புகை அவன் இடுப்பு வரை நின்றது. அவன் படுத்தான் என்றால் முடிந்தது. மாரிசெல்விக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கால் அசையவில்லை. பிரீத்திகா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்தும் மாரிசெல்விக்குப் பிடிபடவில்லை. அவன் முகம் தரையில் மோதிய பிறகுதான் அவள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். காலைப் பிடித்து அடுப்படி வாசல் வரை இழுத்தாள். அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் மணிமுத்துதான் மூன்று பேரையும் தெருவுக்குக் கொண்டுவந்தது.

ஆஸ்பத்திரியில் புகழேந்திக்கு மூச்சுக்குழாய் வழியே குழாய் செருகி வேறு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிடுவான், ஆனால் நுரையீரல் பழையபடி வராது என்றார்கள். மறுநாள் காலை நல்லசிவம் பெண்கள் வார்டுக்கு வந்து மாரிசெல்வியின் கட்டிலருகே நின்றார். ஓர் இரவில் அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“மாரி, போலீஸ் வருது. தெரியாம ரெண்டையும் கலந்துட்டேன்னு சொல்லிரு. கை தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான். ஒன்னைய ஒண்ணும் பண்ண விட மாட்டேன். ஒம் பிள்ளைக்கும் ஒனக்கும் ஆயுசுக்கும் நான் இருக்கேன்.” கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒத்தப் பையன், புள்ள.”

அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. காது போனபோது தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் இவர். 

எஸ்.ஐ. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கெமிக்கல் ரெண்டையும் கலந்தது நீதானம்மா?”

“நான் கலக்கல சார்.” பேசப் பேச விலா குத்தியது. “ஒம்போது வருஷம் மருந்துல கை வச்சவ நான். ஒருநாளும் இந்தக் கை தப்பாக் கலந்ததில்ல. ஆசிட்ட ஊத்துனது அவரு. என் மேல ஊத்த வந்தாரு, டிரம்முக்குள்ள விழுந்துருச்சு.”

“ஏ மாரி, என்ன பேசுத நீ?” என்றார் நல்லசிவம்.

“ஒன் மேல எதுக்கு ஊத்த வந்தாரு?”

“நான் அவர அடிச்சேன். வலைக் கம்பால ரெண்டு அடி. ரெண்டாவது மண்டையில. வேணும்னுதான் அடிச்சேன், அதையும் எழுதிக்கோங்க.”

எஸ்.ஐ.யின் பேனா நின்றது. “இது கேஸாகும், தெரியுமா? எதுக்கு அடிச்ச?”

மாரிசெல்வி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். “அத நான் சொல்லக் கூடாது சார். தண்ணிக்குள்ள கெடந்தது நான் இல்ல.”

பக்கத்துக் கட்டிலில் பிரீத்திகா ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். இரண்டு கண்ணும் இப்போது ஒன்றுபோலச் சிவந்திருந்தன. “நீ படுத்திரும்மா, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு,” என்று நல்லசிவம் அவசரமாக அந்தப் பக்கம் போனார். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். காதோரத்து நாடாவை ஒரு பக்கம் நீக்கினாள், பிறகு மறுபக்கம். மாஸ்க் மடியில் விழுந்து காற்றைச் சீறிக்கொண்டு கிடந்தது. வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. எஸ்.ஐ. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கட்டிலருகே போட்டு, காதை அவள் வாய்ப் பக்கம் கொடுத்துக் குனிந்தார்.