பின்சீட்டுக் குரல்

...அதே குரல்தான், சந்தேகமில்லை, 'அட சாமி' என்று இழுத்து ஒரு மூச்சு நிறுத்திவிட்டுப் பேசுகிற குரல், அந்த ஒரு மூச்சுக்காக மேகலா எத்தனை தடவை ரெக்கார்டிங்கைப் பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டிருப்பாள், இப்போது அது கொல்லிமலை பஸ்ஸில், அவள் முதுகுக்குப் பின்னால், சிரிக்கிறது... சிரிக்கிறதா? மரவள்ளிக் கிழங்கு விலையைப் பேசிப் பக்கத்து சீட்டுக்காரியோடு வயிறு குலுங்கச் சிரிக்கிறது. திரும்பிப் பார்க்கலாமா? கூடாது. பேட்டியில் பேசியவர் யாரென்று தேடக் கூடாது, கேட்டதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, காதில் விழுவதை டைப் அடித்தால் போதும் என்று ஆராய்ச்சிக்கார மேடம் இவள் வேலையில் சேரும்போதே சொல்லிவிட்டார். மேகலாவும் அடித்தாள், ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில், இதே மலைப்பாதையில், வண்டியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களின் பேச்சை. விம்மலில் சொல் புரியாவிட்டால் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், குறைத்தால் அழுகை நீண்டு கன்றைத் தேடும் மாட்டின் குரலாகிவிடும், அதையும் கேட்டு, அடைப்புக்குறிக்குள் 'அழுகிறார்' என்று அடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு எங்கே இறங்குகிறது? 'பன்னெண்டாவது வளைவுலதாங்க துணிய வெலக்கிப் பாத்தேன்...' ரெக்கார்டிங்கில் இதே குரல் சொன்னது, இதோ அந்த வளைவு, மேகலா கண்ணை மூடிக்கொண்டாள், பின்சீட்டில் கிழங்குப் பேச்சு அறுபடவே இல்லை. எப்படி முடிகிறது இவளால்? கோபம் வந்தது, கோபத்தைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது.

"தல சுத்துதா கண்ணு? கழுத்தெல்லாம் வேர்த்துக் கெடக்குது," அதே குரல்தான், பின்னாலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது, திரும்பாமலே வாங்கிக்கொண்டாள், அந்தக் கையின் நகத்தில் கிழங்கு மண். வாய் சும்மா இருக்க வேண்டுமே... "இந்த ரோட்டுல வாரதுக்கு உங்களுக்குப் பயமில்லீங்களா?" ஐயோ, கேட்டிருக்கக் கூடாதோ, வேலையே போய்விடுமோ? "அட சாமி... பஸ்ஸே ஏறமாட்டேன் முந்தி. எம்பட புள்ள இந்த ரோட்டுலதான் போச்சு. அப்பறம் ஒரு பொண்ணு மிசினு வெச்சுக் கேட்டுச்சு, அத்தனையும் சொல்லி அழுதுபோட்டேன். துக்கம் முழுசா எங்க எறங்கும்? ஆனா காதுல கேட்டுட்டே இருந்த அழுவாச்சி அன்னையோட நின்னுபோச்சு."

மேகலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நிஜமாகவே, இந்த அம்மாள் இனிச் சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும்... ஆனால் நின்றுபோயிற்று என்றால் எங்கே போய் நின்றது? மேடத்தைக் கேட்கலாம்தான், அவர் எத்தனை பக்கம் முடிந்தது என்பார். பஸ் அடுத்த வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பியது, அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாளென்றால், தினமும் விளக்கை அணைத்த பிறகு மேகலாவின் காதில் அழுவது யார்?