சும்மா வைத்தாலும் இறங்காது

சார்ஜர் வயரை அவள் பிடித்து இழுத்த வேகத்தில் சுவரும் கூடவே வந்துவிடும் போலிருந்தது.

"யாரு போட்டது இத?"

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முன்னறையில் அம்மாவைக் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பதினொரு மணிக்கு வண்டி வந்துவிடும். இங்கே தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் பேப்பர் கப்புகளுக்கும் நடுவில் எட்டு பேட்டரிகள் படுத்த வாக்கில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன.

"நான்தான்." அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார். "காலைலயே போட்டேன். இன்னும் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"காலைலயேவா?"

அவர் மெதுவாக வந்து, அவள் கையிலிருந்து வயரை வாங்கி, குனிந்து, மறுபடி சுவரில் செருகினார். சின்னப் பச்சை விளக்குகள் எட்டும் மினுங்கத் தொடங்கின.

"அவ சொல்லிட்டுப் போயிருக்கா," என்றார்.

அவள் கத்தப்போவதைச் சித்தி அறிந்திருக்க வேண்டும். அம்மாவின் தங்கைக்கு அம்மாவின் காதுகள். முன்னறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "இப்ப வேணாம்டி."

அவள் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா முப்பத்தொரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் லேபில் உதவியாளராக இருந்தவள். ஓய்வு பெற்ற மறு மாதம், இறகு மாதிரி லேசான ஒரு பொம்மை விமானத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஊருக்கு வெளியே மூடிப்போன ஆலையின் மைதானத்தில் ஞாயிறு தவறாமல் விமானம் விடும் ஏழெட்டு ஆண்களுக்கு நடுவே போய் நின்றாள். விமானத்தைக் கீழிருந்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரை அவர்கள் ரேடியோ என்பார்கள். அவளை லேப் அக்கா என்பார்கள். மகளுக்கும் கற்றுக்கொடுக்கலாமென்று ஒருமுறை அழைத்துப் போனாள். மூன்றாவது நிமிடத்தில் விமானம் முள்மரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. மகள் ரேடியோவை அம்மாவின் கையில் திணித்துவிட்டு வந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை.

மகள் கூரியர் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். லாரி தாமதமானால் டிரைவரும், பார்சல் நசுங்கினால் சுமைதூக்குகிறவரும் அவள் வாயில் விழுந்து எழவேண்டும். அம்மா அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவாள். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிற கடுகு.

மூன்று வாரங்களுக்கு முன்பு அம்மா கேட்டாள் என்றுதான் அவள் கடைக்குப் போய் எட்டு பேட்டரிகள் வாங்கி வந்தாள். கட்டிலில் சாய்ந்தபடியே அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வா."

"ஏன், இதுக்கு என்ன? சார்ஜ் புடிக்கறதுல கடைலயே பெரிய நம்பர் இதான். ரெண்டாயிரத்தி எழுநூறு."

"அது வாராவாரம் பறக்கவிடறவங்களுக்குடி. சார்ஜ் போட்ட சூட்டோட ஓட்டிடணும். சும்மா வச்சா ஒரே மாசத்துல தானா இறங்கிடும். எனக்கு ரெண்டாயிரம் போதும். ஆனா வச்சது வச்சபடி இருக்கணும். அந்த மாதிரி தனியா விக்கறாங்க, கேட்டு வாங்கிட்டு வா."

"நீ எதுக்கு சும்மா வைக்கப்போற?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மழை வருதில்ல."

"மழை விட்டதும் சார்ஜ் போட்டுக்க. இதுக்குப் போய் என்ன அலைக்கழிக்கறியே."

"ரேடியோ பாதில செத்துச்சுன்னா விமானம் யார் பேச்சையும் கேக்காது. யார் தலைலயாவது போய் இறங்கும். இதுல அசட்டையா இருக்கக் கூடாது."

"உடம்பப் பாத்துக்கறதுல மட்டும் அசட்டையா இரு. எலும்பும் தோலுமா ஆயிட்ட. ஒழுங்கா சாப்பிடாம பேட்டரி பேட்டரின்னுட்டு."

அம்மா பேட்டரிகளை உறையோடு அவள் பக்கம் தள்ளினாள். பித்தப்பையில் கல் என்று மகளிடம் சொல்லியிருந்தார்கள். மருந்திலேயே கரைந்துவிடுமாம். அப்பாவும் அதையேதான் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேட்டரியை மாற்றிக்கொண்டு வர அவளுக்குப் பத்து நாள் ஆயிற்று. வேலை இருந்தது என்று சொல்லலாம். உண்மையில் கோபம். கடைக்காரரிடம் எரிந்து விழுந்து வாங்கிய பொட்டலத்தை வாசல் கேட்டிலேயே அப்பாவிடம் நீட்டினாள். ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை.

"உள்ள வந்துட்டுப் போயேன். முழிச்சிட்டுதான் இருக்கா."

"ஷிப்டுக்கு நேரமாச்சு. இதுவும் சரியில்லன்னா அவளையே போய் மாத்திக்கச் சொல்லுங்க."

அது பதினொரு நாட்களுக்கு முன்பு. நேற்று முன்தினம் மருத்துவமனையில் அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. நடைபாதையில் டாக்டர், தெரிந்த ஒன்றை நினைவுபடுத்துகிறவர் போலச் சொன்னார். "ரெண்டரை மாசம் முன்னாடியே கேன்சர் கல்லீரல் வரைக்கும் பரவியிருந்துதே. மேற்கொண்டு வைத்தியம் வேணாம்னு அம்மாதான் முடிவு பண்ணாங்க. அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரே, உங்களுக்குத் தெரியாதா?"

அப்போதிலிருந்து அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேட்டரியைப் பார்த்துக் கேட்டதுதான் முதல் வார்த்தை.

இப்போது அவர் வீட்டின் பின்பக்கம் போனபோது அவளும் போனாள். துணி காயப்போடும் கொடியில் அம்மாவின் துவாலை இன்னும் தொங்கியது. கதவைச் சாத்தினாள்.

"ரெண்டரை மாசம்," என்றாள். "வாராவாரம் வந்தேன். எத்தன தடவ வந்திருப்பேன், நீங்களே சொல்லுங்க."

"அவ சொல்லக் கூடாதுன்னுட்டா."

"அவ சொன்னா? நான் உங்களுக்கு யாரு? அடுத்த வீட்டுக்காரியா?"

"நீ தாங்கமாட்டன்னு..."

"நான் சண்ட போட்டேன்பா. செத்துட்டிருக்கறவகிட்ட நம்பர் பெருசா சின்னதான்னு சண்ட போட்டிருக்கேன். நீங்க பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. எனக்குத் தெரியும், பேப்பர் திருப்பற சத்தம் கேட்டுச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பேன்ல."

"அதான் வேணாம்னா." அப்பாவின் குரல் கரகரத்தது. "நீ வாய மூடிட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு, பக்கத்துல உக்காந்து அழறதப் பாக்க அவளுக்கு இஷ்டமில்ல. கடுகு கத்திட்டே இருக்கட்டும், அப்பத்தான் வீடு வீடா இருக்கும்னா. நான் என்ன பண்ண?"

"என்ன பண்ணவா? கேட்ல நின்னனே, அன்னிக்குக் கையப் புடிச்சு உள்ள இழுத்திருக்கலாமே."

அவர் கொடியிலிருந்த துவாலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பேட்டரிகள் மேசையில் இல்லை. யாரோ எடுத்து ரேடியோவுக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

பத்தரை மணிக்கு மைதானத்து ஆட்கள் வந்தார்கள். தலையிலிருந்த தொப்பிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களோடு கடைக்காரரும் வந்திருந்தார். அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"அன்னிக்கு நான் கொஞ்சம் கடுப்பா பேசிட்டேம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

"நான்தான் கத்தினேன்."

"நீங்க கத்துவீங்கன்னு அக்கா முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. பொண்ணு வருவா, குதிப்பா, பொறுத்துக்கப்பான்னு." அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "எனக்கு அப்பப் புரியலம்மா. எதுக்கக்கா சும்மா வைக்கறதுக்குன்னு தேடித் தேடி வாங்கறீங்க, ஞாயித்துக்கிழம வரலையான்னு கேட்டேன். நான் போனப்புறம் ரேடியோ எம் பொண்ணுக்குப்பான்னாங்க. அவ ஆறு மாசம் அதத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டா, அவ்ளோ கோவத்துல இருப்பா. கோவம் இறங்கி அவ எடுக்கறப்ப சார்ஜ் இறங்கியிருக்கக் கூடாது. அப்புறம் அதுக்கும் ஒரு கோவம் வந்து தூக்கி எறிஞ்சிடுவான்னு சிரிச்சாங்க."

அவள் அவரையே பார்த்தாள்.

"நான் போனப்புறம்னா வெளியூருக்கு ஏதோ போறாங்கன்னு நெனச்சிட்டேன்," என்றார் அவர். "சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"உங்ககிட்டச் சொல்லியிருக்கா." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பேட்டரி விக்கறவர்கிட்டச் சொல்லத் தெரிஞ்சிருக்கு."

"அப்படியில்லம்மா..."

"ஆறு மாசம்னா சொன்னா?"

"ஆமாம்மா. ஒரு வருஷமே தாங்கும் அக்கா, கொஞ்சம்தான் இறங்கும்னேன். அப்ப அதுவே குடுத்தனுப்புன்னாங்க."

"ஒரு வருஷம் பத்தாதுங்க," என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வெளியே வண்டி பின்வாங்கி வரும் சத்தம் கேட்டது. முன்னறையில் அழுகை உயர்ந்தது. சித்தி அவள் தோளைப் பிடித்து அம்மாவின் அருகே தள்ளினாள். அவள் குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேரே நின்றாள். இரண்டரை மாதமாக அவளுக்குத் தெரியாமல் இருந்ததெல்லாம் இந்த முகத்தில்தான் இருந்திருக்கிறது. கன்னத்தின் குழி, காதுக்குப் பின்னால் ஏறியிருந்த காமாலை மஞ்சள். சாப்பிடு சாப்பிடு என்று கத்தியவள் ஒருநாளாவது உற்றுப் பார்த்திருந்தால்.

"போ," என்றாள் அம்மாவிடம், பல்லுக்குள்ளேயே. "எல்லாம் உன் இஷ்டத்துக்குப் பண்ணிட்டல்ல. போ."

அருகில் நின்றவர்கள் அதை அழுகை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மயானத்தில் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்ததும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்புத் தேடிப் புறப்பட்டார்கள். சித்தி குளிக்கப் போனாள். மூன்று மணி வெயிலில் வாடகை நாற்காலிக்காரர் சின்ன வண்டியோடு வந்து வாசலில் நின்றார்.

"எடுத்துக்கலாமாம்மா? சாயங்காலம் வேற எடத்துக்குப் போகணும்."

"எடுங்க."

அவர் ஒற்றை ஆளாக இருந்தார். அவளும் இறங்கினாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓங்கி ஓங்கி அடுக்கினாள். ஒவ்வொன்றும் மற்றொன்றில் போய் விழுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஆறு ஆறாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள். நாற்காலிக்காரர் ஒன்றும் பேசாமல் கயிற்றை வாங்கிக் கட்டினார். அவளுக்கு மூச்சு வாங்கியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா," என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். காலியான முற்றத்தில், சுவரோரமாக ஒரே ஒரு நாற்காலி. அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். மயானத்திலிருந்து வந்த ஈர வேட்டியோடு, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. இவ்வளவு சத்தத்திலும் அவர் தலை நிமிரவில்லை.

அவள் அவரை நோக்கி நாலடி நடந்தாள். வாயைத் திறந்தாள். பிறகு நாற்காலிக்காரரிடம் திரும்பி வந்தாள்.

"அது கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றாள். "அவரா எழுந்திரிக்கட்டும்."

நாற்காலிக்காரர் அப்பாவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வண்டியின் நிழலில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.