வாசலில் நின்ற பால்வாசனை

அருணாவின் மூக்கு உள்ளே விடாத வாசனைகளெல்லாம் ஐந்து வருடமாக அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தன. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டில் அது எல்லோருக்கும் தெரியும். அந்த வழியாகப் போகிறவர்கள் போன ஆடியில் கொதித்த காப்பியையும் அதற்கு முந்தின வருடத்துப் பலாப்பழத்தையும் முகர்ந்துகொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கதவோடு ஒட்டி, அவள் மகள் பிறந்த வாரத்தின் பால்வாசனை நின்றது. ஊரே அதை முகர்ந்திருக்கிறது. பெற்றவள் மட்டும் முகரவில்லை.

விடிந்தால் அவளுக்கு இருபது, முப்பது தும்மல். மூக்கும் கண்ணும் அரித்து ஒழுகும், பிறகு மூக்கு அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் குப்புசாமி, கிளம்பும்போது தும்மல் கேட்டால் சகுனம் பார்த்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். எழுந்தால் அடுத்த தும்மல். அவர் தவறவிட்ட பஸ்கள் கொஞ்சநஞ்சமல்ல. மாமியார் சென்னம்மாள் நல்ல மனுஷி. சளி என்று நினைத்து வேளை தவறாமல் சாம்பிராணிப் புகை போட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி தானியத்துக்குக் கீழே படுத்தால் பிள்ளைக்கு ஒரு நாளும் பசிக்காது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகவே சாமையும் கேழ்வரகும் கொட்டிவைத்த பரணுக்கு நேர் கீழே மருமகளுக்குப் பாய் போட்டிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் பாயை யாரும் நகர்த்தவில்லை. அன்பால் செய்த தப்பை யார் எடுத்துச் சொல்வது?

ஐந்தாம் வருடம் பால்வாசனை மெலிய ஆரம்பித்தது. "புள்ள வாசம் தேயுது சாமி. காத்துல போறதுக்குள்ள உள்ள கூட்டிக்க," என்று மருமகளிடம் சொன்னாள் சென்னம்மாள். அன்று அருணா சோறு தின்னவில்லை.

புதன்கிழமைதோறும் அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வரும் டாக்டர் காமிலா, வாசலில் நின்று பலாப்பழத்தை முகர்ந்துவிட்டு உள்ளே வந்து பரணை அண்ணாந்து பார்த்தார். இது சளி இல்லை, ஒவ்வாமை. தானியத் தூசியில் வந்தது, புகை அதை இன்னும் கெடுக்கும் என்றார். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். பாய் வேறு அறைக்குப் போக வேண்டும், போர்வையைச் சுடுதண்ணீரில் அலச வேண்டும், களத்தில் தூற்றும்போது மாஸ்க் வேண்டும். மூக்கு மருந்தைத் தலையை லேசாகக் குனிந்து, குழாய் முனையைக் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்கச் சொன்னார். "தும்மல் நின்னாலும் தினமும் அடிக்கோணுங்க. ரெண்டு வாரம் பொறுங்க."

நான்காம் நாளும் ஒன்றும் நடக்காததால் அருணா மருந்தைத் தூக்கி எறியப் போனாள். சென்னம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தாள். மிச்சமிருந்த சாம்பிராணியை அவள் அதற்கு முன்பே கோயிலுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

பதினோராம் நாள் காப்பி வாசனை உள்ளே வந்தது. பின்னாலேயே மிளகு, மழைமண், பலாப்பழம், கால் கழுவிவிட்டு வரும் விருந்தாளிகள் மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. பால்வாசனை மட்டும் தனக்குரியவள் வரட்டும் என்று நின்றது. பதினான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வாசலைத் தாண்டும்போது, அது அவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நுழைந்தது. அருணா மகளின் உச்சியில் முகம் வைத்தாள். அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளுமே என்று பயந்து, அழாமல் முகர்ந்தாள்.

"என்னம்மா வாசம்?"

"நீதான் கண்ணு. பொறந்த வாரத்து நீ."

மறுநாள் வாசலில் செருப்பு விட இடம் கிடைத்தது. குப்புசாமி ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தார். அருணா தலை குனிந்து அன்றைய மருந்தை அடித்துக்கொண்டாள்.