சிரட்டைச் சத்தம்

கமலாசனி முசல் வளர்க்கிறாளாம் என்று உருத்திரபுரம் வாய்க்கால் நெடுகப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அரசாங்கம் காடு வெட்டிக் கொடுத்த குடியேற்றக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்த அன்று, மற்றவர்கள் உரலும் உலக்கையும் இறக்க, அவள் ஓர் ஓலைப்பெட்டியை அணைத்தபடி இறங்கினாள். உள்ளே சீனி, பஞ்சு என்று இரண்டு வெள்ளை முசல்கள். கணவன் கனகலிங்கத்துக்கு விடிந்தால் வயல், பொழுதுபட்டால் நித்திரை. பகல் முழுதும் அவள் வாய் திறந்து கதைத்தது அந்த இரண்டோடுதான். அவையும் போனால் அந்தக் காட்டில் அவளுக்கு வேறு ஆர்?

பக்கத்துக் காணி மயில்வாகனத்தாரிடம் மூன்று வேட்டை நாய்கள் இருந்தன. பன்றியையே மறித்து நிற்பாட்டும் சாதி. மனுசன் தங்கமானவர்தான், நாய்க்கு நேரத்துக்குச் சோறு போட மட்டும் நினைவு வராது. பசித்தால் மூன்றும் வேலியைப் பிரித்துக்கொண்டு கமலாசனியின் வளவுக்குள் வந்துவிடும்.

கனகலிங்கம் பாலைமரக் கால் நட்டு, இடுப்பளவு உயரத்தில் கம்பிவலைக் கூடு அடித்துக் கொடுத்தான். வேலியில் நாய் நுழைகிற பொட்டுகளைக் கமலாசனியே முள் வெட்டி அடைத்தாள். கை முழுக்கக் கீறல். இனி நாய்த்தலை நுழையாது. முசல் நுழையக்கூடிய இடைவெளிகள் இருந்தன, அதைப்பற்றி அவள் கவலைப்படவில்லை. முசல் ஏன் நாயிடம் போகப்போகிறது?

பின்னேரங்களில் இரண்டையும் புல்லில் விடுவாள். திருப்பிக் கூட்டில் அடைக்க ஒரு வித்தை வைத்திருந்தாள். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை டொக் டொக்கென்று தட்டினால், எங்கே நின்றாலும் கீரைத்தண்டுக்குப் பாய்ந்து வரும்.

"என்ன தங்கச்சி, முசலுக்குப் பள்ளிக்கூட மணியோ?" என்று மயில்வாகனத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பகிடி பண்ணுவார்.

ஒருநாள் மூன்றில் செவலை நாய் வேலி பாய்ந்து வந்து, கூட்டுக் காலைக் கடித்து உலுப்பியது. கமலாசனி தடியெடுத்து விரட்டினாள். நேரே மயில்வாகனத்தாரிடம் போய்க் கேட்டே விட்டாள்.

"அண்ணை, கட்டிப்போடச் சொல்லேல்லை. நேரத்துக்குச் சோத்தைப் போட்டு உங்கடை வளவுக்குள்ளை வைச்சிருங்கோ. கூப்பிட்டால் வாற மாதிரிப் பழக்குங்கோ."

"ஓம் தங்கச்சி, என்ரை பிழைதான். நாளைக்குப் பாருங்கோ."

சொன்ன சொல் தவறவில்லை மனுசன்.

மறுநாள் பின்னேரம் கூட்டைத் திறந்துவிட்டு, சிரட்டைகளைக் கையில் வைத்தபடி முருங்கையடியில் குந்தியிருந்தாள். அடைக்க இன்னும் நேரமிருந்தது.

டொக். டொக். டொக்.

கமலாசனி தன் கையைப் பார்த்தாள். சிரட்டைகள் அசையாமல் இருந்தன. சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டது. முசல்களின் காதுகள் நிமிர்ந்தன.

"சீனி! பஞ்சு!"

பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவை எப்போது வந்தன? அவள் எழும்புவதற்குள் இரண்டும் வேலிக்கு ஓடிவிட்டன. சீனி முள்ளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது. பிறகு ஒரு கீச்சு. முசலுக்குக் குரல் இருக்கிறதென்றே அவளுக்கு அன்றுவரை தெரியாது.

படலை வாசலால் சுற்றி ஓடினாள். நாய்ச்சட்டிச் சோற்றின்மேல் வெள்ளை மயிர் கிடந்தது. செவலை வாயில் சீனியைக் கவ்விக்கொண்டு நின்றது. மயில்வாகனத்தார் இரண்டு கையிலும் சிரட்டையோடு பேயறைந்தவர்போல் நின்றார்.

"நீங்கள் சொன்னபடிதான் தங்கச்சி… நேரத்துக்குச் சோறு… சிரட்டைக்கு உங்கடை முசல் வாறதைப் பாத்துத்தான் நானும்…"

ஏசத்தான் ஓடி வந்தாள். நேற்று இதே முற்றத்தில் நின்று, கூப்பிட்டுப் பழக்கச் சொன்னது அவள்தானே.

அவர் நாய்களை உதைத்து இழுத்துக் கட்டினார். வேலியடியில் குனிந்து பார்த்தார்.

"மற்றது முள்ளுக்குள்ளை நிக்குது. நாய் மூண்டையும் கட்டிப்போட்டன். உங்கடை பக்கம் போய்த் தட்டுங்கோ, வரும்."

அவள் தன் வளவுக்கு வந்து குந்தினாள். முள்ளுக்கிடையில் பஞ்சுவின் கண் தெரிந்தது. சிரட்டைகளை ஒருமுறை தட்டினாள். பஞ்சு பின்னுக்குப் போனது. இன்னொருமுறை தட்டினாள். இன்னும் உள்ளே ஒடுங்கியது.

"வருதோ தங்கச்சி?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"இல்லை அண்ணை," என்றாள் கமலாசனி. "அது எனக்குப் பயப்பிடுது."