இல்லாத படம்

வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்ற ஆள் தலையில் இரண்டு பச்சைக் கொம்பு மாட்டியிருந்தார். ஸ்பிரிங் வைத்த கொம்பு. அவர் திரும்பிப் பேசும்போதெல்லாம் அது ஆடியது. ஓய்வுபெற்ற தபால்காரராம், பெயர் மெர்வினாம், பறக்கும் தட்டுகளைப் பற்றி நாடாளுமன்றக் குழு நடத்தும் விசாரணையைப் பார்க்கவே ஒஹாயோவிலிருந்து பஸ் பிடித்து வாஷிங்டன் வந்திருக்கிறாராம். யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

"இந்தக் கொம்போட எப்படி சார் உள்ள விட்டாங்க?" என்று கேட்டாள் வெர்னா.

"மெஷின்ல போட்டுப் பாத்துட்டாங்க மேடம். ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு கவர்மென்ட்டே ஒத்துக்கிச்சு. இன்னிக்கு அவங்க ஒத்துக்கப்போற ஒரே விஷயம் அதுவாத்தான் இருக்கும்."

வெர்னா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் கணவன் க்ளேட்டன் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"க்ளே, பையில சாண்ட்விச் இருக்கு. ஒண்ணு எடுத்துக்கோயேன்."

"வேணாம்."

"காலைலேருந்து வேணாம் வேணாம்னே பாட்டு பாடறே."

"திரும்பிப் போயிடலாமா வெர்னா? இப்பக் கிளம்பினாக்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"நாலு மணி நேரம் காரை ஓட்டிட்டு வந்தவ நான். திரும்ப ஓட்டப்போறவளும் நான்தான். பேசாம நில்லு செல்லம்."

செல்லம் என்று அவள் சொன்ன விதத்தில் செல்லம் கொஞ்சமும் இல்லை. வெர்னா வர்ஜீனியாவின் கடலோர ஊர் ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்காரவைப்பாள். புருஷனை நிற்கவைப்பதா பெரிய காரியம்?

பதினோரு வருஷம் முன்பு க்ளேட்டன் போர் விமானத்தில் பின் இருக்கை அதிகாரி. ஓட்டுவது முன்னால் இருப்பவரின் வேலை. ரேடாரும் கேமராவும் இவன் பொறுப்பு. ஒருநாள் நல்ல வெயிலில், அட்லாண்டிக்குக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பார்த்தான். இறக்கை இல்லை, புகை இல்லை. காற்று பேயாக அடிக்கிற அந்த உயரத்தில் அது ஆணி அடித்தாற்போல நின்றது. முன்னால் இருந்தவருக்குக் கண்ணில் வெயில்; அவர் எதையும் பார்க்கவில்லை. க்ளேட்டன் கேமராவைத் திருப்பினான். பதிவு ஓடியது என்றுதான் சொன்னான். தரையிறங்கியதும் யாரோ இருவர் வந்து பதிவை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் மேலிடம் கையை விரித்துவிட்டது: அன்று கேமரா ஓடவே இல்லை, படம் என்று ஒன்று கிடையாது.

படம் இல்லையென்றால் இவன் எதைப் பார்த்தான்? டாக்டரிடம் அனுப்பினார்கள். இல்லாததைக் கண் காட்டுகிறது, பறக்கத் தகுதியில்லை என்று எழுதி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து க்ளேட்டன் புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்க்கிறான். கடைக்கு வருகிறவர்களுக்கும் சும்மா இருக்க முடிவதில்லை. "என்னப்பா, நேத்து மேலேருந்து யாராச்சும் வந்தாங்களா?" என்பார்கள். க்ளேட்டன் இளித்துவைப்பான். வெர்னாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு வேற்றுக்கிரகமெல்லாம் பொருட்டில்லை. அது செவ்வாயிலிருந்து வந்தால் என்ன, சீனாவிலிருந்து வந்தால் என்ன? படம் இருந்தது என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும். அதற்காக இரண்டு வருஷமாக வாராவாரம் இந்தக் குழுவில் இருக்கும் டென்னஸி உறுப்பினர் ஆட்ரா கில்லஸ்பியின் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கழுத்தை அறுத்தாள். அந்தத் தொகுதியில் அவளுக்கு ஓட்டுக்கூடக் கிடையாது. கடைசியில் கில்லஸ்பியே போனை எடுத்து, "சரி தாயே, கேட்டுத் தொலைக்கறேன், என்னை விட்டுடு" என்றார்.

தேர்தல் வந்தால் இந்தக் குழு கலைந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், க்ளேட்டன் வரச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். "இதுதான் கடைசி. இன்னிக்கு ஒண்ணும் வரலைன்னா, இனிமே அந்தப் பேச்சே நம்ம வீட்டுல கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தான். வெர்னாவும் சரி என்று தலையாட்டித் தொலைத்திருந்தாள்.

கதவு திறந்தது. பின்வரிசையில் மூவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது.

சாட்சி மேசையில் க்ரௌச் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருடைய அலுவலகத்தின் பெயர் ஒரு முழம் நீளம். வெர்னா அதற்கு மூடி அலுவலகம் என்று பெயர் வைத்திருந்தாள். எதைக் கொண்டுபோனாலும் மூடி போட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஐந்து நிமிஷம். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், மஞ்சளுக்கு முடிக்கத் தொடங்கவேண்டும், சிவப்பு வந்தால் தலைவர் சுத்தியலைத் தட்டுவார். முதல் உறுப்பினர் தன் ஐந்து நிமிஷத்தையும் தன் பெருமை பேசியே தீர்த்தார். அடுத்தவர், ஏதாவது கிடங்கில் வேற்றுக்கிரகத்துப் பிணம் இருக்கிறதா என்று கேட்டார். "எங்களுக்குத் தெரிஞ்சு இல்லை" என்றார் க்ரௌச். "அது என்ன தெரிஞ்சு இல்லை?" என்று மெர்வின் முணுமுணுக்க, காவலர் ஒருவர் அருகில் வந்து, பார்வையாளர்கள் வாயைத் திறந்தால் வெளியே அனுப்பப்படுவார்கள் என்று கொம்புக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் க்ரௌச்சிடம் ஒரே பதில்தான். "அதை மூடின அறையில சொல்றேன்." ஆள் பிடியே கொடுக்கவில்லை. க்ளேட்டன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கில்லஸ்பியின் முறை வந்தது.

"சார், பச்சை மனுஷங்களைப் பத்தியெல்லாம் நான் கேக்கப்போறதில்லை. எங்க ஊர் அரசியல்வாதிங்களைப் பாத்தே நான் நொந்துபோனவ" என்றார் அவர். அறை சிரித்தது. க்ளேட்டன் பறந்த தேதியையும் இடத்தையும் சொன்னார். "அன்னிக்கு ஒரு விமானம் எதையோ பாத்துது. அந்தப் பதிவை எங்களுக்கு ஏன் காட்டலை?"

"அந்த நிகழ்ச்சியைப் பத்தி மூடின அறையில..."

"மூடின அறைக்கு வெளியில ஜனங்க உக்காந்திருக்காங்க. இங்க சொல்லுங்க. ஏன் காட்டலை?"

இதே கேள்வியை நூறு படங்களைப் பற்றி அவரிடம் கேட்டிருப்பார்கள் போல. க்ரௌச் யோசிக்கக்கூட இல்லை, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். "அந்தப் பதிவை வெளியிட்டா, அதை எடுத்த கேமரா எவ்வளவு தூரம், எவ்வளவு துல்லியமாப் பாக்கும்ங்கறது எதிரிகளுக்குத் தெரிஞ்சுபோயிடும். பிரச்சினை வானத்துல என்ன இருந்துதுங்கறது இல்லை மேடம். எங்க கருவியோட திறமையைப் பாதுகாக்கறதுதான்."

"அதாவது நாட்டோட பாதுகாப்பு" என்று கில்லஸ்பி சலிப்போடு அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார்.

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயையோ, இந்தப் பொம்பளை கவனிக்கவில்லையே! கத்தலாம் என்று வாய்வரை வந்தது. கத்தினால் வெளியே தள்ளிவிடுவார்கள். எழுந்து நின்றாள். சும்மா, வாயை இறுக்க மூடிக்கொண்டு, பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் அதே பார்வையைக் கில்லஸ்பியின் மேல் வைத்து நின்றாள். காவலர் அவளை நோக்கி நடந்தார். மெர்வின் என்ன ஏது என்று தெரியாமலே தானும் எழுந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கொம்பு ஆடியதில் முன்வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது.

கில்லஸ்பி நிமிர்ந்தார். வெர்னாவைப் பார்த்தார். புரட்டிய தாளை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"ஒரு நிமிஷம். நீங்க இப்போ என்ன..."

சிவப்பு விளக்கு எரிந்தது. சுத்தியல் விழுந்தது. "உறுப்பினரோட நேரம் முடிஞ்சுது" என்றார் தலைவர்.

அடுத்த முறை எதிர்க்கட்சியின் டன்லெவிக்கு. வயதானவர், அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர். இவர்கள் இரண்டு கட்சியும் எலியும் பூனையும்தான். அன்று காலைகூடத் தொலைக்காட்சியில் கில்லஸ்பியைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வந்திருந்தார். மைக்கை இழுத்தார்.

"எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்லை. என்னோட அஞ்சு நிமிஷத்தை டென்னஸி அம்மாவுக்குத் தர்றேன். அவங்க மூஞ்சியைப் பாத்தா ஏதோ நல்லதா வரப்போவுதுன்னு தோணுது."

பச்சை விளக்கு எரிந்தது. காவலர் வெர்னாவின் தோளருகே வந்து, "தயவுசெஞ்சு உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

"திரு. க்ரௌச்" என்றார் கில்லஸ்பி. "அன்னிக்குக் கேமரா ஓடவே இல்லைன்னு பதினோரு வருஷமாச் சொல்லிட்டு வந்தது உங்க ஆளுங்கதானே?"

"என்... எனக்கு முன்னால இருந்தவங்க அப்படிச் சொல்லியிருக்கலாம்."

"ஓடாத கேமராவோட திறமை எப்படிங்க எதிரிக்குத் தெரியும்?"

பின்னால் இருந்த வக்கீல் குனிந்து க்ரௌச்சின் காதில் ஏதோ சொன்னார்.

"அந்தப் பதிவுல என்ன இருக்குன்னு இந்த அறையில நான் சொல்ல முடியாது" என்றார் க்ரௌச்.

"அதுல என்ன இருக்குன்னு சொல்லவேண்டாம். அது இருக்கு. அது போதும்."

க்ரௌச் இல்லையென்று சொல்லவில்லை. ஆள் வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டார். பூசி மெழுக வக்கீலிடமும் ஒன்றும் மிச்சமில்லை. அறை முழுக்கச் சலசலத்தது, பத்திரிகைக்காரர்கள் தட்டச்சு செய்தார்கள், மெர்வின் கொம்பைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா க்ளே?" என்று திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

அறைக்கு வெளியே நடைபாதைக் கோடியில், குடிநீர்க் குழாய்ப் பக்கத்து மரப் பெஞ்சில் க்ளேட்டன் உட்கார்ந்திருந்தான்.

"இங்க வந்து உக்காந்துட்டியா! கேட்டியா, ஒத்துக்கிட்டான்! ஜெயிச்சுட்டோம்டா!"

"கேட்டேன்." அவன் அவளைப் பார்த்தான். "அப்போ அது நெஜமாவே அங்க இருந்திருக்கு, வெர்னா."

"பின்னே? நான் என்ன இத்தனை நாளா வேற எதையோவா சொல்லிட்டிருந்தேன்?"

"நீ சொன்னே. நான் எப்பவோ நம்பறதை விட்டுட்டேன். டாக்டர் சொன்னதுதான் சரி, என் மூளைதான் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். காலைல எழுந்ததும் காபி கப்பைப் பாத்தாக்கூட, இது இருக்கா இல்லையான்னு ஒரு தடவை தொட்டுப் பாப்பேன். நீ எனக்காக அவ்வளவு சண்டை போட்டுட்டிருந்தே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

வெர்னா ஊரெல்லாம் சண்டை போட்டாள், மாநிலம் விட்டு மாநிலம் போன் போட்டாள். ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனை, நீ நம்புகிறாயா என்று கேட்கத் தோன்றவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுகூடத் தெரியாத கோபம். அழுகையும் சேர்ந்தே வந்தது.

"அடப்பாவி மனுஷா" என்றாள். பெஞ்சில் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவன் கைகள் இரண்டையும் தன் மடிக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "தொட்டுப் பாரு. நான் இருக்கேனா?"