கையளவுத் தாள்

மச்சான் காலையிலிருந்தே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் போலத்தான் இருந்தார். பட்டறை வாசலில் நான் வண்டியை நிறுத்துமுன் குதித்து இறங்கினார். இறங்கியவர் உள்ளேயும் போகவில்லை. கிட்டார்ப் பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டு நின்றார்.

இடது கட்டைவிரலின் அடியில் வலி. கச்சேரியில் மூன்று பாட்டு தாண்டினால் கை மடங்க மறுக்கிறது. ஒன்று மெல்லிய கழுத்துள்ள கிட்டார், இல்லையென்றால் வாசிப்பை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வாங்கித் தருகிறேன் என்று அன்றைக்கே வீட்டில் சொன்னேன்.

"உங்க அக்காவை மாத்துன்னு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன் மாப்ள."

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். "யோசிக்க என்ன இருக்கு? முப்பது வருஷமா மடியில இருக்கிறது அதுதானே" என்றாள்.

சரி, இதன் கழுத்தையே இழைக்கலாம் என்றால் அதற்கும் மனம் வரவில்லை. இதைச் செய்த பெரியவர் இறந்து ஒன்பது வருஷம். கிட்டார் கேட்டு வருகிறவரின் கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தக் கைக்கென்றே கழுத்தைச் செதுக்குவார். "எனக்குன்னு அளந்து செஞ்ச மனுஷன். அதுல போய்க் கத்தி வைக்கிறதா?" என்பதே மச்சானின் பல்லவி.

பட்டறையை இப்போது அவர் மகள் நடத்துகிறாள். மாட்டியிருந்த கிட்டார்களுக்கு நடுவே நடக்க, உடம்பை ஒருக்களிக்க வேண்டியிருந்தது. கம்பிகளைக் கழற்றிவிட்டு, துளைக்குள் விளக்கடித்து எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. பழைய அளவு தெரிந்தால் நல்லது என்று இழுப்பறையிலிருந்து நாற்பத்தொன்றாம் தாளை எடுத்தாள்.

"கையை வைங்கண்ணா."

வைத்தார். பென்சில் கோடு ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நகமளவு வெளியே ஓடியது.

"என் கை சுருங்கிடுச்சா?" என்றார் மச்சான்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து. படித்துவிட்டு, தயங்கி, உரக்கவே வாசித்தாள்: "நாற்பதாம் ஆள் ஒருநாள் முன்னாலயே வந்து இதைத் தூக்கிட்டுப் போயிட்டான். நான் கடையில் இல்லை. திருப்பி வாங்கப் போனேன். வாசிச்சுக்கிட்டிருந்தான். நின்னு கேட்டேன். அப்படியே திரும்பி வந்துட்டேன்."

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார். "ஒரு நாள்தான். அன்னைக்கு என்னால வீட்ல இருக்க முடியல." அப்புறம் சட்டென்று, "அப்ப என்னோடது?"

நாற்பதாம் தாளைத் தேடி எடுத்தாள். "வித்தாச்சுன்னு இருக்கு."

"யாருக்கு?"

"எழுதலையே."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். இந்த மனுஷர் நாளைக்கே ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்.

"மச்சான், முப்பது வருஷம் அடிச்சு வாசிச்ச சரக்கை எந்தக் கடையில மாத்தித் தருவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. நாற்பத்தொன்றாம் தாளில் இன்னொரு தடவை கையை வைத்துப் பார்த்தார். விரல்களை அகட்டினார். எட்டவில்லை.

"இத்தனை நாள் நான்தான் அதுக்கு வளைஞ்சு குடுத்திருக்கேன்" என்றார். "இப்ப அது கொஞ்சம் குடுக்கட்டும். எடும்மா."

அவள் மரம் இழைக்கும் சுரண்டுதகட்டை எடுத்தாள். முதல் சுருள் விழுந்தபோது மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவதற்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாலு இழைப்புக்கு ஒருமுறை அவள் கிட்டாரை நீட்ட, கழுத்தைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடியும் "இன்னும் துளி." காலையில் ஒரு மயிரிழைக்கும் சம்மதிக்காதவர்.

"போதும்ணா. கழுத்துக்குள்ள இரும்புக் கம்பி ஓடுது, இதுக்கு மேல இழைச்சா தட்டிடும்."

எனக்காக நீ பேரம் பேசேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். கத்தி அவள் கையில் இருக்கும்போது நான் என்ன பேசுவது?

கம்பியில்லாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வெறும் மரத்தில் விரல்களை அழுத்தி அழுத்தி நகர்த்தினார். சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, பாலிஷ் போடவேண்டும் என்று அவள் கையை நீட்டினாள்.

"இரும்மா" என்றார், தலை நிமிராமல். "நாலாவது பாட்டு ஓடுது."